யாருக்காக வளைகிறீர்கள்?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பள்ளிகளில் இந்த ஜூனில் முதன்முதலாக வகுப்பெடுக்க வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

ஸ்டாஃப் ரூமில் உங்களுக்கு இதற்குள் இரண்டு விதமான அறிவுரை கிடைத்திருக்கும். "முதல் மாசம் சிரிக்கவே சிரிக்காதீங்க. இப்ப விட்டா அப்புறம் பிடிக்க முடியாது" என்று ஒரு மூத்த ஆசிரியர் சொல்லியிருப்பார். டப்பா திறக்கும் நேரத்தில் இன்னொருவர், "எந்தெந்த வீட்டுப் பிள்ளைங்கன்னு பார்த்தீங்கள்ல, பாவம், கொஞ்சம் பார்த்து நடந்துக்குங்க" என்றிருப்பார். இருவரும் அனுபவத்தில் பேசுகிறவர்கள், இருவருக்கும் பிள்ளைகள் மேல் அக்கறை உண்டு. ஆனால் முதலாமவர் பேச்சைக் கேட்டுத் திங்களும் செவ்வாயும் விறைப்பாக இருந்துவிட்டு, இரண்டாமவர் சொன்னது மனதை அறுக்க வியாழன், வெள்ளியில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால், இந்த டீச்சரிடம் எது எப்போது நடக்கும் என்றே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும். கண்டிப்பான டீச்சரிடமும் பிள்ளைகள் படித்துவிடுவார்கள், இளகிய டீச்சரிடமும் படித்துவிடுவார்கள். என்ன செய்வார் என்று தெரியாத டீச்சரிடம் படிப்பதுதான் கஷ்டம்.

இந்த வட்டாரத்துப் பள்ளிகளிலேயே என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. அந்த உரிமையில் ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். மாறாமல் இருக்க வேண்டிய பொறுப்பு முதலில் உங்களுடையது. நேரம், சொன்ன சொல், குரல், மரியாதை ஆகியவை உங்கள் பக்கத்தில் எந்தக் கிழமையிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பிள்ளை பாடத்துக்கு வந்துசேரும் வழி ஆளுக்கு ஆள் மாறலாம், மாறத்தான் வேண்டும். ஆனால் அந்த மாற்றம் உங்கள் அன்றைய மனநிலையைப் பொறுத்த சலுகையாக இருக்கக் கூடாது. வகுப்புக்கே தெரிந்த ஏற்பாடாக இருக்க வேண்டும்.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பி.எட். தேர்வுக்காக அதன் பிரிவுகளை நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். 24-வது பிரிவை இப்போது வேலைக்கு வந்த கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். ஆசிரியரின் முதல் கடமையாக அங்கே இருப்பது, பள்ளிக்கு ஒழுங்காகவும் நேரம் தவறாமலும் வருவது. பாடத்திட்டத்தைக் குறித்த காலத்துக்குள் முடிப்பதும் கடமை. அதே பட்டியலில், ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, யாருக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் வருகிறது. பெற்றோரை முறையாகச் சந்தித்து வருகை, முன்னேற்றம் பற்றிப் பேசுவதும் உண்டு. நேரமும் பாடத்திட்டமும் எல்லோருக்கும் ஒன்று. கூடுதல் கவனம் பிள்ளையைப் பார்த்து. இரண்டையும் ஒரே ஆளின் தலையில்தான் சட்டம் வைத்திருக்கிறது. தொடக்கப்பள்ளிக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாட்கள் என்று அதே சட்டத்தின் அட்டவணை வகுத்திருக்கிறது. அந்த நாட்களில்தான் இந்த இரண்டும் நடந்தாக வேண்டும்.

தாமதத்தை எடுத்துக்கொள்வோம். மும்பையில் ஒரு புதிய ஆசிரியர் முதல் வாரத்திலேயே மோதிக்கொள்ளும் விஷயம் அதுதான்.

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் குடும்பங்கள் இருக்கும் சந்துகளுக்குள் விடியற்காலையில் போயிருக்கிறீர்களா? ஊர் உறங்கும்போதே அங்கே அடுப்பு எரியும். ஈரத்துணியிலிருந்து இட்லியைப் பிரித்து அண்டாவில் அடுக்க ஒருவர், தேங்காய் துருவ ஒருவர், சாம்பாரைத் தூக்கில் ஊற்றி மூட ஒருவர். வெளிச்சம் வருவதற்குள் சைக்கிள்கள் கிளம்பிவிடும். அதன் பிறகு ஒரு குவியல் பாத்திரம் கிடக்கும். அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்த பையன் ஒருவன் என் ஏழாம் வகுப்பில் இருந்தான். பாத்திரம் கழுவி, பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று, குளித்துவிட்டு அவன் ஓடி வரும்போது காலை ஷிப்ட் தொடங்கி இருபது நிமிஷம் ஆகியிருக்கும். தலை ஈரம் காய்ந்திருக்காது. மணிக்கட்டில் மாவு மட்டும் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கும். தாமதமாக வருகிறவர்கள் முதல் பீரியட் முடியும்வரை வராந்தாவில் நிற்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி. முதல் பீரியட் கணக்கு. வாரத்தில் பாதி நாள் அவன் கணக்குப் பாடத்தை ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் கேட்டான்.

இந்த இடத்தில் இளகிய மனசு என்ன சொல்லும்? "பாவம், அவனை மட்டும் உள்ளே விட்டுடுவோம்." அப்படி விட்டால் மறுநாளே மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம். அவன் வீட்டு நிலைமையை எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொல்லிச் சலுகை கொடுத்தால், அதைவிட அவனுக்கு அவமானம் வேறில்லை. கறார் மனசோ, "விதின்னா விதிதான், நிக்கட்டும்" என்று சொல்லும். அதனால் தாமதம் குறையாது, கணக்கு மட்டும் போகும்.

என் வகுப்புக்குள் வேறொரு நடைமுறையை வைத்தேன். அதை உங்களிடம் சொல்வது அப்படியே எடுத்துக்கொள்வதற்காக இல்லை. உங்கள் வகுப்புக்கு ஏற்றபடி ஒன்றை நீங்களே யோசிப்பதற்காக. தாமதமாக யார் வந்தாலும் பின்கதவு வழியாக வர வேண்டும். உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். கதவருகே ஒரு நோட்டு தொங்கும். அதில் பெயரையும் நேரத்தையும் தானே எழுதிவிட்டு உட்கார வேண்டும். போர்டின் இடது ஓரத்தில் அன்றைய பாடத்துக்கான மூன்று கணக்குகள் எப்போதும் இருக்கும், அங்கிருந்து தொடங்கிக்கொள்ளலாம். விட்டுப்போன பகுதியை இடைவேளையில் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு எழுதி என்னிடம் காட்டினால்தான் அன்றைய நோட்டில் கையெழுத்து. காரணத்தை நான் பிறகு தனியாகக் கேட்பேன். ஹார்பர் லைன் நின்றுபோய் செம்பூரிலிருந்து நேரம் கழித்து வருகிற பிள்ளைக்கும் இதேதான், தூங்கிவிட்டு வருகிற பிள்ளைக்கும் இதேதான்.

யாருக்கும் விதிவிலக்கு கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விதியையே, ஒவ்வொரு பிள்ளையும் அவமானப்படாமல் நுழைகிற அளவுக்கு அகலமாக வைத்தாகிவிட்டது. மாதக் கடைசியில் அந்த நோட்டைப் புரட்டினால் யார், எந்தக் கிழமை, எவ்வளவு நேரம் என்பது தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பையனின் அம்மாவிடம் பேசினேன். அவர் பாத்திரத்தில் பாதியைப் பெரிய மகன் வந்து கழுவட்டும் என்று மாற்றினார். தாமதம் குறைந்தது, நிற்கவில்லை. கணக்கில் அவன் மற்றவர்களோடு சேர்ந்தே போனான்.

வீட்டுப்பாடத்துக்கும் இதே யோசனை செல்லும். ஒரே அறை, அதில் தையல் மெஷின், டிவி, கைக்குழந்தை, இரவு ஷிப்டுக்குத் தூங்கும் அப்பா. அந்த வீட்டில் நோட்டை விரிக்க இடம் எது? வீட்டுப்பாடம் வேண்டாம் என்று விட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்குத்தான் நஷ்டம். வேலை எல்லோருக்கும் உண்டு, ஆனால் எங்கே செய்வது என்பது உன் விருப்பம். பள்ளி தொடங்கும் முன் கால் மணி நேரம் வகுப்பறை திறந்திருக்கும் என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு அந்தக் கால் மணி நேரம் நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும். ஒரு நாள் பூட்டு தொங்கினால், மறுநாள் வருகிற பிள்ளைகள் பாதியாகக் குறைவார்கள்.

"அவனுக்கு மட்டும் ஏன் டீச்சர்?" என்ற கேள்விக்குத் திரும்பி வருகிறேன். புதிய ஆசிரியர்களை இந்தக் கேள்வி ரொம்பவும் பயமுறுத்துகிறது என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்கும் பிள்ளையை அடக்காதீர்கள். நியாயம் எது என்று யோசிக்கிற பிள்ளை அது. "அவனுக்கு இப்ப அது தேவைப்படுது. உனக்குத் தேவைப்படும்போது உனக்கும் செய்வேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அந்த நாள் வரும்போது மறக்காமல் செய்யுங்கள். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கை உவமையாகச் சொன்னார் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். தராசையும் பூவையும் ஒரே ஆளுக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றியது என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

வளையவே வளையாதது என்று நாம் நினைக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வையே பாருங்கள். எழுத்தும் எண்ணும் பிடிபடுவதில் தனிச் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குத் தேர்வில் சலுகை தர மகாராஷ்டிர அரசு 1996-லேயே முன்வந்தது. கூடுதல் நேரம், எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமை, கணக்குக்குக் கால்குலேட்டர், தேவைப்பட்டால் எழுதித் தர ஆள். இந்தச் சலுகைக்கு வேண்டிய சான்றிதழுக்கான பரிசோதனை நடக்கும் இடங்களில் ஒன்று நம் சயான் ஆஸ்பத்திரி, அதாவது லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை. தாராவியிலிருந்து நடந்தே போய்விடலாம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்தக் கற்றல் குறைபாட்டைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு மாணவனுக்குக் கூடுதல் நேரம் கிடைத்ததால் பக்கத்து மாணவனின் மதிப்பெண் குறைந்துவிடவில்லை. தேர்வின் மதிப்பும் போய்விடவில்லை. யாருக்கு, எதற்காக, எந்த அளவு என்று எழுதி வைத்து வளைந்ததால் அது நியாயமாக நின்றது.

கேள்வி கேட்டால் வாயால் பளிச்சென்று பதில் சொல்லி, போர்டைப் பார்த்து நாலு வரி எழுதத் திணறும் பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். செம்பூரில் வசதியான வீடு என்றால் அந்தப் பிள்ளையை அம்மாவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பார். தாராவியில் அந்தப் பிள்ளைக்கு "சோம்பேறி" என்ற பெயர் மூன்றாம் வகுப்பிலேயே ஒட்டியிருக்கும். அந்தப் பெயரோடு உங்களிடம் வருகிற பிள்ளையைச் சயான் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்களால் முடிகிற காரியம்.

இதிலிருந்து நான் சொல்ல விரும்புகிற முக்கியமான விஷயத்துக்கு வந்துவிட்டேன். எழுதச் சங்கடமானது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே நடக்கிற தூரம்தான். தாராவிக்குள்ளேயே ஒரு பகுதிக்கு மாட்டுங்கா லேபர் கேம்ப் என்றுதான் பெயர். ஒரு பக்கம் 1932-ல் தொடங்கிய சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி, ஷண்முகானந்தா ஹால், ஆஸ்திக சமாஜம், பூக்கடை, ஃபில்டர் காபி என்று ஒரு தமிழ் மும்பை. இன்னொரு பக்கம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பட்டறை வேலைக்கும் கூலி வேலைக்கும் வந்தவர்களின் பேரன் பேத்திகள் வாழும் தமிழ் மும்பை. நம்மில் பலர் முதலாவதில் வளர்ந்து இரண்டாவதில் வேலை பார்க்கிறோம். இரண்டாவதில் பிறந்து, படித்து, அதே தெருவுக்கு டீச்சராகத் திரும்பி வந்திருப்பவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். உங்களைப் பார்க்கும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி மாளாது.

எங்கே வளர்ந்தவர்களாக இருந்தாலும் நம் எல்லோரிடமும் ஒரு பழக்கம் உண்டு. நம்மைப் போல இருக்கிற பிள்ளைக்கு நாம் சட்டென்று வளைந்துவிடுகிறோம். புராஜெக்டைக் கொண்டுவராத ஒரு பிள்ளை எழுந்து, "சாரி மிஸ், அப்பா டூர் போயிட்டாங்க, பிரிண்ட் எடுக்க முடியலை, நாளைக்குக் கண்டிப்பா கொண்டு வரேன்" என்று ஆங்கிலமும் தமிழுமாகச் சரளமாகச் சொல்லும். "சரி, நாளைக்கு" என்று நம் வாயில் வந்துவிடும். அடுத்த பிள்ளை எழுந்து நிற்கும். கேட்டால் பேசாது. இன்னொரு முறை கேட்டால், "தண்ணி வந்துச்சு டீச்சர்" என்று முனகும். குழாயில் தண்ணீர் வரும் அந்த ஒரு மணி நேரத்தில் குடத்தோடு நிற்க வேண்டியது அந்த வீட்டில் அவள் வேலை. அந்த மூன்று சொல்லுக்குள் ஒரு முழுக் காரணம் இருக்கிறது. அவளுக்கு அதை விரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் தலை குனிந்து நிற்பதை எத்தனை டீச்சர்கள் திமிர் என்று எடுத்துக்கொண்டு பள்ளிக் காலண்டரில் ரிமார்க் எழுதியிருக்கிறார்கள்! கேட்கத் தெரிந்த பிள்ளைக்குச் சலுகை, கேட்கத் தெரியாத பிள்ளைக்கு விதி. இது நடக்காத பள்ளியை நான் பார்த்ததில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கூடும். பையன் தாமதமாக வந்தால் எங்கே சுற்றினான் என்று கேட்கிறோம்; காரணம் சொன்னால் நம்புகிறோம். பெண் பிள்ளை தாமதமாக வந்தால் வீட்டு வேலை என்று நாமே முடிவு செய்து, அது இயல்புதானே என்று கடந்துவிடுகிறோம். கண்டிப்பும் இல்லை, உதவியும் இல்லை. அவள் பின்தங்குவது யார் கண்ணிலும் படுவதில்லை.

அதனால் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். யாருக்காக எந்த விதியைத் தளர்த்தினீர்கள் என்று தேதி போட்டு ஒரு வரி. வேறு யாரும் பார்க்க வேண்டியதில்லை. கணபதி விடுமுறைக்கு முன் அதை எடுத்துப் பெயர்களை மட்டும் படியுங்கள். எல்லாம் முன்பெஞ்சுப் பெயர்களா? எல்லாம் ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகளா? ஒரு முறைகூட வராத பெயர்கள் எவை? எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காத விவரம் அந்தப் பட்டியலில் இருக்கும்.

வளையவே கூடாத இடம் ஒன்று உண்டு. பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற அப்பாக்களும் அம்மாக்களும் முழு நம்பிக்கையோடு சொல்வார்கள்: "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க டீச்சர், நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்." அடியாத மாடு படியாது என்று பழமொழியும் வரும். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். தாங்கள் படிக்க முடியாமல் போனதைப் பிள்ளை படித்தாக வேண்டும் என்ற தவிப்பை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். "அக்கா, உங்க மகன் படிக்கிறதுக்கு நான் பொறுப்பு. அடிக்க மாட்டேன். நீங்களும் வீட்ல அடிக்காதீங்க" என்று நிதானமாகச் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனதைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. இரண்டாவதை நாம் மறந்துவிடுகிறோம். பிள்ளையின் வாடை, அப்பாவின் தொழில், குடியிருக்கும் சந்து, சாதி, வீட்டில் பேசும் தமிழ் ஆகியவற்றைத் தொட்டு வருகிற ஒரு சொல், பிரம்படியைவிட நெடுநாள் அந்தப் பிள்ளையோடு இருக்கும். எவ்வளவு கோபம் வந்தாலும், பிள்ளை என்ன செய்திருந்தாலும் அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

அடிக்காமல் எப்படிச் சமாளிப்பது என்று கேட்பீர்கள். டெட்ராய்ட்டில் இருந்த ஜேக்கப் கவுனின் என்ற உளவியலாளர் வகுப்பறைகளைப் படம் பிடித்து ஆராய்ந்து, 1970-ல் ஒரு நூல் வெளியிட்டார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள், எப்படித் திட்டுகிறார்கள் என்பதில்தான் நல்ல வகுப்புக்கும் கலைந்த வகுப்புக்கும் வித்தியாசம் இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடினார். அங்கே பெரிய வித்தியாசம் எதுவும் தட்டுப்படவில்லை. குறும்பு நடப்பதற்கு முந்திய நிமிடங்களில்தான் இருந்தது. வகுப்பு முழுவதையும் கண்ணில் வைத்திருப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தடுமாறாமல் போவது, பிள்ளைகளைச் சும்மா காத்திருக்க வைக்காதது. நாற்பது பேர் நெருக்கியடித்து உட்காரும் நம் அறைகளில் இதன் அருமை உங்களுக்கே தெரியும். நோட்டை விநியோகிக்கும் ஐந்து நிமிஷத்தில்தானே எல்லாச் சண்டையும் வெடிக்கிறது? நோட்டு யார் எடுப்பது, எந்தப் பக்கமாகப் போவது, பென்சில் சீவ எங்கே போவது என்பதையெல்லாம் முதல் சில வாரங்கள் ஒரு பாடத்தைப் போலவே சொல்லிக்கொடுத்து, செய்து பார்க்க வைத்துப் பழக்குங்கள். அந்த நாட்களில் பாடம் பின்தங்குகிறதே என்று பதறாதீர்கள். தீபாவளிக்குள் அதைப் பிடித்துவிடலாம்.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பவர் ஜிஜுபாய் பதேக்கா. 1885-ல் பிறந்தவர். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் வந்தவர். 1920-ல் பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி பால மந்திரைத் தொடங்கினார். அவர் எழுதி, தமிழில் 'பகல் கனவு' என்று வந்திருக்கும் சின்னப் புத்தகத்தை உங்களில் சிலர் படித்திருக்கலாம். அதில் வருகிற ஆசிரியர் நான்காம் வகுப்பில் முதல் நாள் ஓர் அமைதி விளையாட்டோடு நுழைகிறார். அது முழுத் தோல்வி. பிள்ளைகள் கூச்சல் போட்டுத் தீர்த்துவிடுகிறார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை, பிரம்பையும் எடுக்கவில்லை. மறுநாள் கதையோடு வருகிறார். பிள்ளைகளை மதிப்பது, அவர்களைப் படிக்க வைப்பது என்ற இரண்டிலிருந்து அவர் ஒரு நாளும் நகரவில்லை. முறையை மட்டும் வேண்டிய மட்டும் மாற்றிக்கொண்டே போனார். ஒரு வகுப்பு கலைந்துபோன அன்று மாலை அந்த முதல் அத்தியாயத்தைப் படியுங்கள்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் மும்பை டீச்சருக்குக் கடிதம் முடியாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது, பிள்ளைகளோடு ஆசிரியர்களும் பள்ளிகளிலேயே இரவைக் கழித்தார்கள். அவ்வளவு பெரிய மழை தினமும் வராது. ஆனால் கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் தண்ணீர் தேங்கி, நாற்பது பேரில் பத்துப் பேர் மட்டும் நனைந்துகொண்டு வந்து உட்காரும் நாள் ஒவ்வொரு ஆண்டும் வரும். அன்று புதுப் பாடம் நடத்தினால் வராத முப்பது பேருக்கு நஷ்டம். சும்மா உட்கார வைத்தால், நனைந்துகொண்டு வந்த பத்துப் பேரும் அடுத்த மழைக்கு வர மாட்டார்கள். மழை நாளுக்கென்று வேலைகளை ஜூனிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்: வாசிப்பு, பழைய கணக்கு, ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து கேட்பது. வாயைத் திறக்காத பிள்ளை அப்படி ஒரு நாளில்தான் உங்களிடம் முதன்முதலாகப் பேசும்.

மொழி விஷயத்தில் தாராளமாக இருங்கள். வீட்டில் தமிழ், தெருவில் பம்பாய் இந்தி, 2020-ன் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடமாக மராத்தி, புத்தகத்தில் பலருக்கு ஆங்கிலம் என்று நம் பிள்ளைகள் நாலு மொழிக்குள் வாழ்கிறார்கள். தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி நம்முடையது. பிள்ளை தனக்குத் தோன்றியதைத் தெரிந்த மொழியில் முதலில் சொல்லட்டும். பிறகு பாடமொழியில் சொல்ல நீங்கள் உதவுங்கள். வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் சொல்லுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை நோட்டுத் திருத்தித் தருகிறேன் என்றால் வெள்ளிக்கிழமை தர வேண்டும். முடியாது என்று தெரிந்தால் வியாழக்கிழமையே சொல்லிவிடுங்கள். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகியவற்றுக்கு ஆசிரியர்களை அனுப்பச் சட்டமே அனுமதிக்கிறது, உங்களையும் கூப்பிடுவார்கள். போவதற்கு முன் எத்தனை நாள் இருக்க மாட்டேன், யார் வருவார், எந்தப் பாடம் நடக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தாராவியில் மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024-ல் தொடங்கியதிலிருந்து, வீடு எங்கே போகும், பள்ளி எங்கே போகும் என்ற பேச்சு பிள்ளைகள் காதில் தினமும் விழுகிறது. அவர்கள் நாளில் நிச்சயமாக நடக்கும் என்று சொல்லக்கூடிய காரியங்கள் குறைவு. ஏழே காலுக்கு டீச்சர் வகுப்பில் இருப்பார் என்பது அவற்றில் ஒன்றாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. பள்ளியின் விதியே தவறாக இருந்தால் புதிய ஆள் என்ன செய்வது? வெள்ளை ஷூ இல்லாத பிள்ளையைத் திருப்பி அனுப்புவது, ஃபீஸ் பாக்கியைப் பிரார்த்தனையில் படிப்பது போன்றவை இன்னும் சில இடங்களில் நடக்கின்றன. ரகசியமாக மீறாதீர்கள். நீங்கள் மீறுவது தெரிந்தால் தண்டனை பிள்ளைக்குத்தான் முதலில் வரும். ஒரு மாதம் குறித்து வையுங்கள்: எத்தனை பிள்ளைகள் திரும்பிப் போனார்கள், எந்தப் பாடம் போயிற்று, எத்தனை பேர் மறுநாளும் வரவில்லை. அந்தக் கணக்கோடு, அதே வகுப்புக்குப் போகும் இன்னும் இரண்டு ஆசிரியர்களை அழைத்துக்கொண்டு ஹெச்.எம். அறைக்குப் போங்கள். புகார் சொல்லாதீர்கள், மழைக்காலம் முடியும்வரை மட்டும் இந்த விதியை இப்படி மாற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மூன்று மாதம் என்றால் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் சம்மதிப்பார்கள். அக்டோபரில் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சக ஆசிரியை